காற்று நிற்கவேண்டும்

பெற்றோமக்ஸ் என்றால் என்னவென்று தீவுப்பகுதி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுவைதீவின் மூத்த ஆட்கள் அதன் வெளிச்சத்தில் கூத்துப் பார்த்தவர்கள், கலியாணப் பந்தியில் இருந்தவர்கள். பழுதாய்க் கிடக்கும் அந்த லாம்புகளைத் திருத்துவது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கொஞ்சம் கோபமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு நாகரிகம் பிடித்திருக்கிறது. பரணில் கிடந்த லாம்பை எடுத்து மெசினில் போட்டு மினுக்கி, உள்ளே ஒரு எல்.ஈ.டி. பல்ப்பைப் பூட்டி விறாந்தையில் தூக்குகிறார்கள். மெசின் நிக்கல் பூச்சைத் தின்றுவிடும், பித்தளைத் தகட்டையும் மெலியவைத்துவிடும். பிறகு லாம்பின் எண்ணெய்த் தாங்கிக்குக் காற்றடிக்க எனக்கே பயம். மினுக்கம் கடைசி வேலை. முதல் வேலை, காற்று நிற்கவேண்டும்.

காற்றுத்தானே மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது! அது சூடேறிய குழாயில் ஆவியாகி, நிப்பிளின் துவாரத்தால் சீறி, மென்டில் என்ற வலைப்பைக்குள் எரிகிறது. காற்று நிற்காத லாம்பு வெறும் தகரம்.

காற்று போவது பெரும்பாலும் பம்பில். பம்புக் கம்பியின் நுனியில் சிரட்டை கவிழ்த்தது போல ஒரு சின்னத் தோல் வாசர் இருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடானதும் பெற்றோமக்ஸ் படுத்தது, ஜாம் போத்தல் விளக்கு எழும்பியது. அப்படிப் படுத்த லாம்புகளில் இந்தத் தோல் காய்ந்து சுருங்கிப்போயிற்று. எறிந்துவிடாதீர்கள். தேங்காயெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, விளிம்பை விரலால் மெல்ல மெல்ல விரித்துக் கொடுங்கள். வெடித்திருந்தால் பழைய செருப்புத் தோலில் வட்டம் வெட்டித் தண்ணீரில் நனைத்து, உருண்டைக் கட்டையில் கவிழ்த்துக் கட்டிக் காயவிட்டு, பிறகு எண்ணெய் பூசுங்கள். மூடிக்குச் சைக்கிள் ரியூப் றப்பரை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். எல்லாம் பூட்டியபின் காற்றடித்துத் தாங்கியை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் மென்டில் கட்ட அவசரப்படவேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், காற்று நிற்கவேண்டும்.

என் அம்மான் திருவிழாக்களுக்கு லாம்பு வாடகைக்கு விட்டவர். அவர் லாம்பைப் பார்ப்பதேயில்லை, கேட்பார். பந்தலுக்குப் பின்னால் சுருட்டோடு இருப்பார். இரைச்சல் ஒரு நூல் இறங்கினால் எழும்பிவிடுவார். மேடையில் அரசன் வாளோடு பாடிக்கொண்டு நிற்க, நடுவே போய்ப் பம்பை நாலு குத்துக் குத்திவிட்டு வருவார். கூத்தை நடத்தும் அண்ணாவியார் முறைப்பார். “வெளிச்சம் இல்லாட்டி உம்மடை ராசாவை ஆர் காணுறது?” என்பார் அம்மான். அவரைப்போல லாம்பு எரித்த ஆளை நான் காணவில்லை.

மென்டிலைப் பற்றியும் ஒரு சொல். பழைய மென்டிலின் வெள்ளொளி தோரியத்தால் வந்தது. 99 பங்கு தோரியம் ஒக்சைட்டுக்கு ஒரு பங்கு சீரியம் ஒக்சைட் என்ற கணக்கை 1891இல் கண்டவர் ஆஸ்திரியரான அவுவர். 1909இல் ஷொம்பேர்க் என்ற ஜேர்மன்காரர் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரிய மணலைக் கண்டுபிடித்தார். பெர்லினில் மக்ஸ் கிரெட்ஸ் பெற்றோமக்ஸைச் செய்ததும் ஏறக்குறைய அதே காலம். ஐரோப்பாவின் மென்டில்களுக்கு நம்மவர் கரை மணலும் போனது. தோரியத்துக்குச் சிறிது கதிர்வீச்சு உண்டு, ஆகவே பழைய மென்டில் சாம்பலை வாயால் ஊதாதீர்கள்.

தினமும் எரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுவைதீவில் இப்போது காற்றாலையும் சூரியகலமும் இருக்கின்றன. மண்ணெண்ணெயோ 2022 ஓகஸ்டில் ஒரேயடியாக லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய சாமான். மாதம் ஒருக்கால் பத்து நிமிடம் எரித்தால் போதும், தோல் காயாது. ஆனால் பெற்றோல் மட்டும் ஊற்றவேண்டாம், வெடிக்கும்.

என்னிடம் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் ஊர்காவற்றுறையில் படகு ஏறமுதல் எண்ணெயை வடித்துவிடுங்கள். சிமிலியைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து மினுக்கிக்கொண்டு வராதீர்கள். களிம்போடு வந்தால்தான் எங்கே கசிந்தது என்று எனக்குத் தெரியும்.