முதுகெலும்பில் வளரும் முள்



ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், இடுப்பு வலிக்காக எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார். முதுகெலும்பில் எலும்பு வளர்ந்திருப்பதாக மருத்துவர் கூறுகிறார். வீடு திரும்பியவர் கொடிய நோய் கண்டவரைப் போலக் கலங்குகிறார். சுண்ணாம்புச் சத்து மிகுந்ததால் எலும்பு வளர்ந்தது என்று லயத்தில் யாரோ சொல்லக் கேட்டு, பாலையும் நெத்திலியையும் விலக்குகிறார். வேலைக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறார். இம்மூன்றும் தேவையற்றவை, பின்னிரண்டும் தீங்கு விளைப்பவை.

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்திலிருந்து இடுப்புவரை அசையும் எலும்புகள் 24 அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன. இளமையில் இவை நீர்ச்சத்து நிறைந்து பருத்திருக்கும். வயது ஏற ஏற நீர் வற்றித் தட்டையாகும். ஒட்டுப்பால் காய்ந்து சுருங்குவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட்டு தாழ்ந்ததும் அடுத்துள்ள மூட்டுகள்மீது சுமை கூடுகிறது. அச்சுமையைத் தாங்கவும் மூட்டை நிலைநிறுத்தவும் உடல் முயன்று, எலும்பின் விளிம்பில் புதிய எலும்பைப் படியவைக்கிறது. அதுவே எலும்புமுள். பெயர்தான் முள், பெரும்பாலும் அது வழவழப்பான மேடே. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர்க்கு இது உண்டு; அவர்களுள் பலர் வலியே அறியார். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இது வளர்வதில்லை. நெத்திலியை விலக்கினால் முள் கரையாது, எலும்புதான் மெலியும்.

எனினும், முள் நரம்பை அழுத்தும்போது தொல்லை தொடங்குகிறது. பிட்டத்திலிருந்து கால்வரை வலி இறங்கும், கால் மரத்துப்போகும். சிலர்க்குச் சிறிது தொலைவு நடந்ததும் கால் கனத்து, முன்சாய்ந்து உட்கார்ந்தால் மட்டுமே ஆறுதல் கிடைக்கும்.

மூப்பைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் வட்டின்மீது ஏற்றும் சுமையை நாம் குறைக்கலாம். சுவீடன் நாட்டு மருத்துவர் அல்ப் நாக்கெம்சன், 1960-ஆம் ஆண்டுகள் முதல், மனிதரின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் அழுத்தம் 100 எனக் கொண்டால், முன்குனிந்தால் 150. குனிந்தபடி கையில் எடையும் ஏந்தினால் 220 என அவருடைய அளவுகள் காட்டின. தாழ்ந்த பட்டையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டு, நிறைந்த வாளியைக் குனிந்து தூக்குவோர்க்கு இக்கணக்கின் பொருள் நன்கு விளங்கும்.

ஆகவே, தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பை வளைக்காமல் ஒரு முழங்காலை மடக்கித் தாழுங்கள். வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்து, கால்களின் வலுவால் எழுங்கள். காண்டாவின் இரு முனையிலும் எடை ஒத்திருக்கட்டும். பால் மிகுந்த நாளில் இரண்டு நடையாகச் சுமப்பது இழுக்கன்று. உயர்ந்த பட்டையில் வெட்டுவோர், நான்கைந்து மரங்களுக்கு ஒருமுறை கழுத்தைத் தாழ்த்தி ஓய்வு தரவேண்டும். கத்தியின் கைப்பிடி குட்டையாக இருப்பின் மண்டோரிடம் நீண்டதைக் கேளுங்கள். புகைப்பதையும் விடவேண்டும். வட்டுக்கெனத் தனி இரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்துவரும் ஊட்டமே அதன் உணவு. புகையிலை அந்த ஊட்டத்தையும் குறைக்கிறது.

வலி கண்டால் ஓரிரு நாள் இளைப்பாறலாம்; பின்னர் மெல்ல நடமாடுவதே மருந்து. எண்ணெய் தேய்ப்பது இதம் தரும், முள்ளைக் கரைக்காது. பெயர் விவரமின்றி விற்கப்படும் வலிநிவாரணப் பொடிகளை வாங்காதீர்கள். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஒரே நாளில் வலி பறந்துவிட்டதென மகிழ்வோர், பின்னர் எலும்பு நைந்தும் சர்க்கரை கூடியும் அவதியுறுகின்றனர்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் வராமல் அடைத்தாலும், தொடைகளின் இடைப்பகுதி மரத்தாலும், இரு கால்களும் வலுவிழந்தாலும், அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும். நள்ளிரவாயினும் சரி, காலைப் பெரட்டு முடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. நரம்பு நசுங்கியபின் நேரம் கடந்தால், இழந்த உணர்ச்சி திரும்பாமலே போகக்கூடும்.