கோல் கம்பத்துக்கு முன்னாடி நின்ற பெண்



நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்காம நேரா வந்தவங்களும் இங்க இருக்கீங்க. அதனால ஒருத்தரைப் பற்றி மட்டும் சுருக்கமாச் சொல்றேன். பெயர் சவிதா புனியா. இந்திய மகளிர் ஹாக்கி அணியின் கோல் கீப்பர்.

1990-ல் ஹரியானா மாநிலம் சிர்சா மாவட்டத்தில் ஜோத்கான் என்கிற கிராமத்தில் பிறந்தவர். ஹாக்கியில் சேர்த்துவிட்டது தாத்தா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டு வேலையும் இருந்தது. அந்தப் பொண்ணுக்கு முதலில் விளையாட்டில் மனசே ஒட்டலை. கோல் கீப்பருக்குக் காலில் கட்டும் பட்டை, தலைக்கவசம், கையுறைன்னு பெரிய மூட்டையே உண்டு. அதைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸில் ஏறினா, நடத்துநர்கள் மேலே கூரையில் போடச் சொல்வாங்களாம். நம்ம ஊர் பஸ்ஸில் காய்க்கூடையோடு ஏறினவங்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு தெரியும்.

பேத்தி பெயர் பேப்பரில் வந்தப்போ தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அதைத் தானே படிக்கணும்னு அந்த வயசில் எழுத்துக் கத்துக்கிட்டார். கைநாட்டு வைத்த கை கையெழுத்துப் போட்ட அன்னைக்கு நமக்கு எப்படி இருந்தது? அதே சந்தோஷம்தான்.

2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ். 36 வருஷத்துக்குப் பிறகு நம் மகளிர் அணி அங்கே போச்சு. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம கடைசி இடத்தோடு திரும்பியது. 2017-ல் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில், ஷூட் அவுட்டில் சீனாவை வென்றார்கள். சிறந்த கோல் கீப்பர் சவிதாதான். நாட்டுக்கு இவ்வளவு ஆடியும் அப்போது அவருக்கு ஒரு நிரந்தர வேலை கிடையாது.

2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ, காலிறுதி. எதிரே ஆஸ்திரேலியா. குர்ஜித் கௌர் ஒரே ஒரு கோல் போட்டார். மீதி நேரமெல்லாம் அதைக் காப்பாற்றணும். ஆஸ்திரேலியாவுக்கு 7 பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒன்றுகூட உள்ளே போகலை. நம் பெண்கள் முதல் தடவையா ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனாங்க. கடைசியில் நான்காவது இடம். பதக்கம் கைநழுவியது. ஆனாலும் அந்த வருஷத்திலிருந்து தொடர்ந்து மூன்று தடவை உலகின் சிறந்த கோல் கீப்பர் விருது சவிதாவுக்குத்தான்.

2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போக முடியலை. அப்போது கேப்டன் அவர்தான். அதன் பிறகு கேப்டன் பொறுப்பு வேறு ஒருத்தருக்குப் போனது. அவர் கோபித்துக்கொண்டு விலகவில்லை. சாதாரண வீராங்கனையா அதே இடத்தில் போய் நின்றார்.

கோல் கீப்பர் தடுத்த பத்தை யாரும் எண்ண மாட்டாங்க. விட்ட ஒண்ணைத்தான் பேசுவாங்க. சங்கத்தில் கணக்கு எழுதுற அக்காக்களைக் கேளுங்க, அந்த வலி தெரியும்.

நான் கேட்கிறது ஒண்ணுதான். கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கிறோம், காதுகுத்துக்கும் கொடுக்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "என் பொண்ணு விளையாட்டுச் சாமானுக்கு"ன்னு கடன் கேட்டால் சிரிக்காதீங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. சிர்சாவில் ஒரு தாத்தா செய்ததை, இத்தனை பேர் சேர்ந்திருக்கிற நம்மால் செய்ய முடியும்.