எபிசோட் 37: 'டி' போடலாமா, வேண்டாமா?

(பேச்சின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

பெருங்குடியிலிருந்து உங்க ஹோஸ்ட். சமீபத்துல மெயில்ல அதிகமா வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, டி போடலாமா?" நாயர் கடை டீ இல்லங்க, டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கோடு எழுதறவன். எவ்வளவு போடணும், எங்க வாங்கணும்னு இங்க கிடைக்காது. எனக்கே இந்தக் கேள்வி வந்தப்போ நான் எப்படி முடிவெடுத்தேன்னு மட்டும் சொல்றேன்.

எனக்கு 28 வயசு. மூணு வருஷமா வாரம் நாலு நாள் ஜிம். பெஞ்ச் பிரஸ் எட்டு மாசமா 80 கிலோவைத் தாண்டல. ஆவணியில கல்யாணம். இதெல்லாம் தெரிஞ்ச ஜிம் சீனியர் ஒருத்தர், "தம்பி, பன்னெண்டு வாரம் ஒரு சைக்கிள் போடு. மேடையில நிக்கும்போது நீ வேற ஆளு. ஒண்ணும் ஆகாது, நானே வாங்கித் தரேன்"னு சொன்னார். அக்கறையாத்தான் சொன்னார். அதனால நானும் உட்கார்ந்து படிச்சேன்.

முதல் கேள்வி: வேலை செய்யுமா? நேர்மையா சொல்லணும்னா, செய்யும். 1996-ல ஷலேந்தர் பாசின்னு ஒரு இந்திய வம்சாவளி டாக்டரும் அவரோட குழுவும் அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க. 43 ஆரோக்கியமான ஆண்கள், நாலு குரூப். சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், சிலருக்கு வெறும் டம்மி ஊசி. ரெண்டுலயும் பாதிப் பேர் எக்சர்சைஸ் பண்ணாங்க, பாதிப் பேர் பண்ணல. பத்து வாரம். ஊசியும் எக்சர்சைஸும் சேர்ந்தவங்களுக்குக் கொழுப்பு இல்லாத எடை 6.1 கிலோ ஏறுச்சு. வெறும் எக்சர்சைஸ் பண்ணவங்களுக்குச் சுமார் 2 கிலோ. ஊசி மட்டும் போட்டுட்டுச் சும்மா இருந்தவங்களுக்கு? 3.2 கிலோ! வேர்த்து விறுவிறுத்து வெயிட் தூக்கினவனைவிட, ஊசி போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அதிகம். இதைப் படிச்சதும் எனக்கு ஆசை கூடுச்சுங்கிறதுதான் உண்மை.

ரெண்டாவது கேள்வி: உள்ள என்ன நடக்குது? இன்ஜினியரிங்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஈஸியா புரியும், இது ஒரு ஃபீட்பேக் லூப். மூளையில இருக்கிற ஹைப்போதலாமஸ் ரத்தத்துல எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி விரைகளுக்குச் சிக்னல் அனுப்பும். இப்போ ஏசி சென்சார் பக்கத்துல ஐஸ் பாளத்தை வெச்சா என்ன ஆகும்? ரூம் ஜில்லுன்னு இருக்குன்னு நினைச்சு கம்ப்ரஸர் ஆஃப் ஆயிடும். ஊசி அந்த ஐஸ் பாளம். வெளியிலிருந்து வந்ததும் உள் உற்பத்தி நிக்குது. விந்தணு உருவாகறதுக்கும் அதே சிக்னல்தான் வேணும், அதுவும் சேர்ந்து நிக்குது.

இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடையா உலக சுகாதார நிறுவனமே சோதிச்சுப் பார்த்திருக்கு. 1990-ல வெளியான ஆய்வு. 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம். ஆறு மாசத்துக்குள்ள 157 பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். ஜிம்ல பேசற டோஸ் பெரும்பாலும் இதைவிட அதிகம்.

நிறுத்தினா திரும்பி வருமா? இந்த மாதிரி கருத்தடை ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2006-ல ஒரு கட்டுரை வந்துச்சு. மூணுல ரெண்டு பேர் ஆறு மாசத்துல சாதாரண அளவுக்குத் திரும்பினாங்க, பத்துல ஒன்பது பேர் ஒரு வருஷத்துல. மத்தவங்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகலாம். ஆனா அது டாக்டர் கண்காணிப்புல, அளந்து கொடுத்த மருந்து. யாரோ பையில கொண்டு வர்ற பாட்டிலுக்கு அந்தக் கணக்கு பொருந்தும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மூணாவது, இதயம். 2017-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 140 வெயிட்லிஃப்டிங் ஆண்களைப் பார்த்தாங்க. 86 பேர் ஸ்டீராய்டு வருஷக்கணக்குல எடுத்தவங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ற ரத்தத்தோட சதவீதம் எடுக்காதவங்களுக்குச் சராசரி 63, எடுத்தவங்களுக்கு 52. ஒரே சைக்கிள்ல இப்படி ஆயிடும்னு அர்த்தம் இல்ல. ஆனா ஒரே சைக்கிளோட நிறுத்தினவங்க எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? நிறுத்தினதும் உடம்பு இறங்கும், மனசும் இறங்கும், அடுத்த சைக்கிள் கூப்பிடும்.

நாலாவது, அந்தப் பாட்டில். நம்ம நாட்டுல இது ஷெட்யூல் ஹெச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. பில் இல்லாம வர்றதுல உள்ள என்ன இருக்குன்னு லேபிளை மட்டும் நம்பணும். போட்டிகளுக்குப் போறவங்களுக்கு இன்னொரு ஆபத்து. நம்ம திருச்சிப் பக்கத்து கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரல்ல தோஹாவுல 800 மீட்டர்ல ஆசியத் தங்கம் வாங்கினப்போ எல்லாரும் கொண்டாடினோம். அப்புறம் நான்ட்ரலோன் சோதனையில சிக்கி, நாலு வருஷத் தடை, தங்கமும் போச்சு. தெரிஞ்சு எடுக்கவே இல்லைன்னு அவங்க சொன்னாங்க. உடம்புல இருந்தா போதும், எப்படி வந்துச்சுங்கிறதை நிரூபிக்கிற பாரம் வீரர் தலையிலதான்.

"எனக்கு லெவலே கம்மியா இருக்கும் ப்ரோ"ன்னு பலர் எழுதறீங்க. டெஸ்ட் பண்ணுங்க. காலையில, வெறும் வயித்துல, ரெண்டு தனித்தனி நாள். ரெண்டுலயும் குறைவு, அறிகுறியும் இருக்குன்னா அது மருத்துவப் பிரச்சினை. எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாருங்க, சிகிச்சை எடுக்கறதுல வெட்கமே வேண்டாம். எனக்கு வந்தது 512. நார்மல். அதாவது எனக்கு எந்த நோயும் இல்ல, ஆசைதான் இருக்கு.

எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவங்க திட்டல. ரெண்டே கேள்விதான்: "நிறுத்தினா எத்தனை மாசத்துல எல்லாம் சரியாகும்? நமக்குக் குழந்தை வேணும்னு நினைக்கும்போது இது நடுவுல வருமா?" முதல் கேள்விக்கு என்கிட்ட இருந்தது சராசரி மட்டும்தான். ரெண்டாவதுக்கு அதுவும் இல்ல. கல்யாண ஆல்பத்துக்காக ரெண்டு பேரோட விஷயத்தை நான் ஒருத்தனா பணயம் வைக்க முடியாது. வேண்டாம்னு முடிவு பண்ணேன்.

இதுக்கு விலை உண்டு. ஆவணிக்குள்ள 100 கிலோ வராது. சீனியர் இன்னும் சிரிக்கிறார். பரவால்ல. பதிலா தூக்கத்தைச் சரி பண்றேன். 2011-ல பத்து இளைஞர்களை ஒரு வாரம் தினம் அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டப்போ, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10-லிருந்து 15 சதவீதம் குறைஞ்சுது. ராத்திரி யூஎஸ் கால் பேசற ஓஎம்ஆர் மக்களே, இது நமக்கானது. அப்புறம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம். முட்டை, சுண்டல், தயிர், கோழின்னு கணக்கு வெச்சுச் சாப்பிடறேன்.

ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு: உங்களை நான் தப்பா நினைக்கல. டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. ரத்த அடர்த்தி, கொலஸ்ட்ரால், கல்லீரல், கிட்னி, பிபி எல்லாம் பார்த்துடுங்க. நிறுத்தறதா இருந்தாலும் அவங்க வழிகாட்டுதலோட நிறுத்துங்க.

உங்க கருத்தை எழுதுங்க. நான் சொன்னதுல தப்பு இருந்தா டாக்டர் நேயர்கள் கண்டிப்பா எழுதுங்க, அடுத்த வாரம் படிக்கறேன். அடுத்த எபிசோட்: கிரியேட்டின்.