கணிப்பொறியில் ஓடும் காவிரி



மேற்கேயிருந்து வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே பிரிவது கொள்ளிடம். தெற்கே திருச்சிராப்பள்ளியை ஒட்டிச் செல்வது காவிரி. இடையே கிடப்பது ஸ்ரீரங்கத் தீவு. எப்பக்கம் எவ்வளவு நீர் செல்லவேண்டும் என்பதை முறைப்படுத்தவே 1830-களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டுவித்தார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவில், கொள்ளிடப் பகுதியின் பழைய மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் இடிந்து போயின. நல்ல அளவுக்கருவி ஒன்று இருந்திருந்தால் அது நேர்ந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், ஆறு எத்தனை அடி ஏறியிருக்கிறது என்ற வினாவுக்குத் தவறான விடை சொல்லும் கருவி, இவ்வூரில் விளையாட்டுப் பொருளாகாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டுகிறேன்.

இன்று நம் பொறியியற் கல்லூரி மாணவர்கள் பலர் இத்தகைய கருவிகளைச் செய்கிறார்கள். செய்வதற்கு முன்பு கணிப்பொறியிலேயே அதைப் பாவனையாக இயக்கியும் பார்க்கிறார்கள். பாவனையில் செம்மையாக ஓடியது படித்துறையில் ஏன் பிழைபடுகிறது என்பதே இன்றைய பேச்சு.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீர்மட்டம் காட்டும் கருவி ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். நீரின் அழுத்தத்தை உணரும் உணரி ஒன்று அடியில் கிடக்கும். நீர் இல்லையெனில் அது 4 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தையும், 5 மீட்டர் நீர் நின்றால் 20 மில்லிஆம்பியரையும் அனுப்பும். அம்மின்னோட்டத்தை 250 ஓம் தடையின் வழியே செலுத்தினால் 1 முதல் 5 வோல்ட்டு வரை மின்னழுத்தம் கிடைக்கும். இதை எண்ணாக மாற்றுவது நுண்கட்டுப்படுத்தி, அதாவது மைக்ரோ கண்ட்ரோலர், என்னும் சிறு சில்லு. மாணவர்கள் பெரிதும் கையாளும் ஏடிமெகா 328 என்ற சில்லு, 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுத்து, 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைத் தரும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு படி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். ஆற்றுக்கு இது போதும், போதுமென்ன, மிகுதியே.

கணிப்பொறிப் பாவனையில் உணரிக்குப் பதிலாகத் திரையில் ஒரு குமிழ் இருக்கும். அதை 3 வோல்ட்டில் நிறுத்தினால் 614 என்ற எண் வரும். நீர் இரண்டரை மீட்டர். நூறு முறை நிறுத்தினாலும் அதே 614.

இப்பாவனையை ஏளனம் செய்யும் முதியோர் சிலர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 614-ஐ 5000-ஆல் பெருக்கும் ஒரு வரியை மாணவன் எழுதுகிறான். அச்சில்லின் சாதாரண முழு எண் 32767-க்குமேல் கொள்ளாது, பெருக்கற்பலனோ முப்பது லட்சத்தைத் தாண்டும், விடை அலங்கோலமாகிறது. இப்பிழையைப் பாவனையில் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். அன்றியும், ஐந்து மீட்டர் வெள்ளத்தைக் காணப் படித்துறையில் காத்திருப்பவன் எத்தனை ஆடி காத்திருக்கவேண்டுமோ! திரையிலோ குமிழைத் திருப்பினால் வெள்ளம். நிரலை நடுவில் நிறுத்திச் சோதித்தால் பாவனையாறும் உடன் நிற்கும். மெய்யான காவிரி அவ்வாறு நமக்காக நிற்பதில்லை.

இனி, கருவியைப் படித்துறைக்குக் கொண்டுபோவோம். உணரியிடமிருந்து அதே 3 வோல்ட்டுதான் வருகிறது. எண் மட்டும் 646 என்று நிற்கிறது. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீர், ஆற்றில் ஏறாமலே கருவியில் ஏறிவிட்டது! மாணவன் நிரலை வரிவரியாகப் படிக்கிறான், பிழை காணவில்லை. காணமாட்டான், பிழை அங்கே இல்லை. சில்லு மின்னழுத்தத்தை அளப்பது ஏதேனும் ஒரு மேற்கோளோடு ஒப்பிட்டே. வேறு ஏற்பாடு செய்யாதபோது பெரும்பாலும் தனக்கு ஊட்டப்படும் மின்சாரத்தையே அது மேற்கோளாகக் கொள்ளும். திரையில் அது என்றும் 5 வோல்ட்டு. படித்துறையிலோ யூ.எஸ்.பி. கம்பியின் வழியே வருவது 4.75; அவ்வளவு குறைவதற்கு அதன் விதியே இடந்தருகிறது. அளக்கும் முழக்கோல் சுருங்கினால் அளக்கப்படும் துணி நீண்டதாகத் தோன்றும் அல்லவா? உறையூர் நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பரிகாரம் எளிது. 4.096 வோல்ட்டு தரும் நிலையான மேற்கோள் சில்லு ஒன்றைத் தனியே சேர்த்து, 250 ஓம் தடையை 200 ஓமாக மாற்றினால், படி ஒன்றுக்குச் சரியாக 4 மில்லிவோல்ட்டு அமையும்.

இதைவிட வஞ்சகமானது வேறொன்று. கருவியின் தரைக்கம்பி, பக்கத்து வீட்டு நீரேற்றும் மோட்டாரின் தரைக்கம்பியோடு எங்கோ சேர்ந்திருக்கிறது. மின்னோட்டமாகச் செய்தி அனுப்புவது இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கும்; ஆயினும், தரையைப் பங்கிட்டுக்கொண்டால் நொடிக்கு 50 முறை அதிரும் மாறுமின்சாரத்தின் சாயல் உள்ளே நுழைந்துவிடும். ஓர் அதிர்வுக்கு ஆகும் காலம் 20 மில்லிநொடி. மாணவன் சரியாக ஒரு நொடிக்கு ஒரு முறை அளக்கிறான். ஒவ்வொரு முறையும் அலையின் ஏறத்தாழ அதே இடத்தில் அவன் அளவு விழுகிறது! எண் துள்ளினால் ஐயம் பிறக்கும், அது துள்ளுவதில்லை. மின்சாரத்தின் அதிர்வெண் சிறிது பிறழும்போது அந்த எண் மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். பார்ப்பவருக்கு ஆறே மூச்சுவிடுவதுபோல் இருக்கும். பல அளவுகளை 20 மில்லிநொடிக்குள் சம இடைவெளியில் எடுத்துச் சராசரி காண்பதே இதற்கு மருந்து.

மற்றொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில்லு அளப்பதற்குமுன் உள்ளே ஒரு சிறு மின்தேக்கியை நிரப்பிக்கொள்கிறது. குறுகிய குழாயில் வரும் நீரைச் செம்பில் பிடித்து, செம்பு நிறையுமுன் அளந்தால் எப்படியோ, அப்படியே இதுவும். பேட்டரியின் நிலையறிய, சிக்கனங் கருதிப் பத்து லட்சம் ஓம் தடைகள் இரண்டை இடுவோர் உண்டு. அவ்வழியே மின்தேக்கி நிறையப் போதிய நேரமில்லை. முன் அளந்த நீர்மட்டத்தின் மிச்சம் பேட்டரியின் எண்ணிலே கலந்துவிடும். பத்தாயிரம் ஓமுக்கு மேற்படவேண்டாம் என்று சில்லைச் செய்தவர்களே குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். குறிப்பைப் படிப்பவர் யார்?

பாவனையில் இவற்றையும் சேர்க்கக்கூடாதா என்று கேட்கலாம். சேர்க்கலாம். சுற்று முழுவதையும் கணக்கிடும் நிரல்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவை நாம் வரைந்த சுற்றையே கணக்கிடும். பக்கத்து வீட்டு மோட்டாரை நாம் வரையவில்லையே! அது இருப்பதே நமக்குப் படித்துறைக்குப் போனபிறகுதானே தெரிந்தது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நான் கூறுவது ஒரு வேலைமுறை. முதலில் திரையில் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஆற்றங்கரைக்குப் போய், நிரலைத் திருத்த முற்படாமல், கருவி தரும் எண்களை மட்டும் ஒரு நாள் முழுதும் பதிவு செய்யுங்கள். மீட்டராக மாற்றாமல், 0 முதல் 1023 வரையுள்ள மூல எண்ணாகவே. பக்கத்தில் நேரத்தையும், மோட்டார் ஓடியதா என்பதையும், படியில் நட்ட அளவுகோலைக் கண்ணால் பார்த்து எழுதிய மட்டத்தையும் குறியுங்கள். வீடு திரும்பி அந்த எண்களையே குமிழுக்குப் பதிலாகப் பாவனைக்கு ஊட்டுங்கள். இப்போது திரையில் ஓடுவது காவிரி. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம்.

அந்தப் பதிவை முடிக்குமுன் உணரியின் கம்பியை ஒரு முறை கழற்றியும் விடுங்கள். நீரே இல்லாத ஆற்றுக்கும் எண் 205 வரவேண்டும். 200 ஓமும் புதிய மேற்கோளும் இட்டிருந்தால் 200. கம்பி அறுந்தால் வருவது 0, அல்லது அதை ஒட்டிய ஓர் எண். இவ்விரண்டையும் பிரித்துணர்வதற்காகவே உணரியைச் செய்தவர்கள் 4 மில்லிஆம்பியரில் தொடங்கினார்கள். உங்கள் நிரல் அப்போது ‘ஆறு வறண்டது’ என்று எழுதுகிறதா, ‘கம்பி அறுந்தது’ என்று எழுதுகிறதா என்று பாருங்கள்.