சிறிய மடிக்கணினிக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் தேவையா?



"என்னுடையது 4 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய மடிக்கணினி. வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்க வேண்டுமா?" என்று பலர் கேட்கிறீர்கள். பாதுகாப்பு கட்டாயம் தேவை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உடன் சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் இரண்டு மூன்றை நிறுவினால் சிறிய கணினி திணறிப்போகும்.

அதைவிட முக்கியமானது புதுப்பித்தல். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய கணினியில், எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவலாம்.

வினாத்தாள் அச்சிடக் கடைக்குப் போய்வந்த பென்டிரைவை உடனே திறக்காதீர்கள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை 'இலவசம்' என்று யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

நம் கணினியில் மதிப்பெண் பட்டியல் மட்டுமா இருக்கிறது? பிள்ளைகளின் பிறந்த தேதி, முகவரி, பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. அவை நம்மை நம்பிக் கொடுத்தவை. எனவே இன்றே 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியைத் திறந்து, பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறோரிடத்தில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.