மனச்சோர்வு மருந்தும் உடலின் தாங்குதிறனும்

(திருவனந்தபுரத்தில் உடற்கல்வி மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



1870-ல் தொடங்கப்பெற்ற ஊளம்பாறை மனநல மருத்துவமனையும், 1985-ல் காரியவட்டத்தில் நிறுவப்பெற்ற லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் இந்நகரில்தான் உள்ளன. இவ்விரு துறைகளும் சந்திக்கும் ஒரு வினாவை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மனச்சோர்வுக்கு மருந்து உண்பவரின் தாங்குதிறன் குறையுமா? இந்த ஐயத்தினால் சிகிச்சையைக் கைவிட எண்ணுவோர் உண்டு. ஆகவே, பொருளாதாரம் பயின்ற அரசு ஊழியனாகிய நானும் இதுபற்றி ஆராய முற்பட்டேன்.

நீண்ட நேரம் உழைக்கும்போது தசை மட்டுமன்றி மூளையும் களைப்படைகிறது. இதில் செரட்டோனின் என்னும் பொருளுக்குப் பங்கு உண்டு என 1980-களில் கருதப்பட்டது. 1992-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், செரட்டோனினின் செயலைப் பெருக்கும் பராக்சிடின் மருந்தை உட்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள் விரைவில் களைத்தனர். பின்னர் நடந்த சில ஆய்வுகளில் இவ்வேறுபாடு காணப்படவில்லை. இவை பெரும்பாலும் நலமுடைய சிலருக்கு ஓரிரு வேளை மருந்து கொடுத்து நடத்தப்பட்டவை. மாதக்கணக்கில் சிகிச்சை பெறுவோருக்கு அம்முடிவுகளை அப்படியே பொருத்துதல் முறையாகாது.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இந்நகருக்கு மற்றொரு செய்தி முக்கியமானது. 2005-ல் வெளியான ஆய்வொன்றில், பியூப்ரோபியான் உண்டவர்கள் 30 பாகை வெப்பத்தில் கூடுதல் வேகம் காட்டினர். 18 பாகையில் வேறுபாடு இல்லை. ஆனால், வெப்பத்தில் அவர்களது உடற்சூடு அதிகம் உயர்ந்தும் அதற்கேற்பக் களைப்பை அவர்கள் உணரவில்லை. உடலின் எச்சரிக்கை மங்குவது ஆபத்தாகும். இம்மருந்து விளையாட்டில் தடை செய்யப்படவில்லை. எனினும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதனைக் கண்காணித்து வந்துள்ளது.

ஹார்மோன்களும் இதில் தொடர்புடையவை. செரட்டோனின் சார்ந்த மருந்துகள் சிலருக்கு, சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனின் செயலை மிகுவித்து, இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைக்கின்றன. அத்தகையோர் நெடுந்தூர ஓட்டத்தில் அளவுக்கு மீறி நீர் அருந்தினால் தீங்கு நேரலாம். பயிற்சியாளர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

உடற்பயிற்சியே மருந்தாகுமா என்பீர்கள். 1999-ல் அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 156 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 16 வாரங்களுக்குப் பின் பயிற்சியும் செர்ட்ரலின் மருந்தும் ஏறத்தாழ ஒத்த பயனையே தந்தன. எனினும், மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்துவது தலைச்சுற்றலையும் உறக்கக் கேட்டையும் தரும், நோயும் மீளக்கூடும்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநோயுற்றோரில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை. சிகிச்சை பெறும் சிலரையும் அச்சத்தால் இழப்பது குடும்பத்துக்கும் நாட்டுக்கும் நட்டமாகும். எனவே, மருந்துண்ணும் மாணவரை ஆசிரியர்கள் ஒதுக்கலாகாது. அவர் மருந்தைப் பற்றி அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழலை உருவாக்க வேண்டும். வெயிலில் பயிற்சியை மெல்ல உயர்த்த வேண்டும். மருத்துவரைக் கலந்து செயல்பட வேண்டும். 2022-ல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் உதவி எண் 14416-ஐயும் அவருக்கு அறிவியுங்கள்.