அறுபது மாலைப்பொழுதுகள்



காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு இரண்டு மணி எனக் கொண்டால், அவை அறுபது மாலைப்பொழுதுகள். அவற்றை எவருக்காகச் செலவிடுவது என்பதே எண்ணத்தக்கது.

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டி, புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. பெற்றோர் ஆலைக்கும் தறிக்கும் சென்றுவிட்டால், முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர வீட்டில் ஆளில்லை. படிப்பில் பின்தங்கும் பிள்ளையே முதலில் வேலைக்குப் போகிறது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணியில் அமர்த்தலாகாது எனச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. சட்டம் தொழிற்கூட வாயிலில் பிள்ளையைத் தடுக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க அதனால் கற்பிக்க இயலாது. அதற்கு ஓர் அண்ணனோ அக்காவோ அருகே அமர வேண்டும்.

ஏழு நாள் முகாமில் சாலை செப்பனிடலாம், மரம் நடலாம். பிள்ளையின் அச்சம் ஏழு நாளில் தீராது. பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்தம் தெருவிலேயே தன்னார்வலர்கள் மாலையில் கற்பித்தனர். நேற்று வந்தவர் இன்றும் வருவார் என்னும் நம்பிக்கையே அத்தகைய வகுப்பின் உயிர்.

இங்கே கவிஞர்களுக்கும் பணியுண்டு. பிள்ளை வாய்திறந்ததும் அதன் பேச்சைத் திருத்த முற்படும் தொண்டர், அந்த வாயை மூடிவிடுகிறார். கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். அச்சொற்கள் இழிவழக்கல்ல, மொழியின் சேமிப்பு. பிள்ளை தன் பேச்சில் ஒரு கதை சொல்லட்டும். மாணவர் அதை எழுதிக் காட்டட்டும். தான் சொன்னதைத் தாளில் காணும் பிள்ளை, அதைப் படிக்க ஆவல் கொள்ளும். அதன்பின் நூல்வழக்கு அயலாகத் தோன்றாது. இப்பயிற்சியை மாணவர்க்கு அளிக்கத் தகுந்தவர்கள் இலக்கிய வட்டத்தாரே.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். அவ்வூர் மாணவரிடம் எவரும் வீட்டைக் கேட்கவில்லை. கேட்பது அறுபது மாலைப்பொழுதுகள். அவையும் விடுபடாமல், ஒரே தெருவில், அதே பிள்ளைகளுக்கு.